பின்பாட்டில் பிறக்கும் துணிச்சல்

திருப்பதி ரயில் நிலையத்தின் பின்புறம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் மூன்றாவது சத்திரம் இருக்கிறது. தேவஸ்தானத்தின் தாச சாகித்யத் திட்டம் நடத்தும் மெட்லோற்சவத்துக்கு ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு என்று நான்கு மாநிலங்களிலிருந்தும் வரும் பஜனைக் கோஷ்டிகள் அங்கே கூடுகின்றன. விடியுமுன்பே பாடியபடி மலையடிவாரத்து அலிபிரிக்கு நடந்து, அங்கே படி பூஜை முடித்து, 3,550 படிகளையும் பாடிக்கொண்டே ஏறுகின்றன. இப்படிப் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் சங்கீதம் படித்தவர்கள் அல்லர். பலர் நாற்பதைக் கடந்த பிறகுதான் கோஷ்டியில் சேர்ந்தவர்கள். சேரும்போது குரல் தேர்வு எதுவும் இல்லை. இதே வயதுக்காரர்களை வீட்டு விசேஷத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் 'எனக்குப் பாட்டெல்லாம் வராது' என்று நழுவிவிடுவார்கள். கோஷ்டியில் வாய் திறக்கும் மனிதர் கூடத்தில் வாய் மூடிக்கொள்வது ஏன் என்ற கேள்வியைக் கூச்சம் என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சூழலில் கரைகிறது என்பதற்குக் கடந்த இருபது ஆண்டுகளின் குரல் ஆய்வுகளில் விடை கிடைக்கிறது. பஜனைக் கோஷ்டிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து அளந்து பெற்ற விடை அல்ல அது. ஆய்வுக்கூடம் கண்டதைக் கோஷ்டியின் அமைப்போடு பொருத்திப் பார்த்து நான் முன்வைக்கும் வாதம். பாடத் துணிவு வந்த பிறகு யாரும் பாடத் தொடங்குவதில்லை. துணிவு வருகிற விதமாகப் பாட இடம் கிடைத்தவர்களே பாடகர்கள் ஆகிறார்கள்.

முதலில், 'எனக்கு வராது' என்பது எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடலாம். கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் லோலா கடி குழுவினர் மாணவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய 17 சதவீதம் பேர் தங்களுக்குச் சுருதி ஞானமே இல்லை என்றார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களைச் சோதித்தபோது, பெரும்பாலோரின் காது மற்றவர்களுடைய காதைப் போலவே வேலை செய்தது. பாட வராததைக் காதின் குறை என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். பிறவியிலேயே சுரங்களைப் பிரித்தறிய முடியாத நிலை உண்மையில் உண்டு. முன்பு அது மக்களில் 4 சதவீதம் என்று எழுதிவந்தார்கள். இசபெல் பெரட்ஸும் டொமினிக் வுவானும் 2017இல் விரிவாகச் சோதித்து 1.5 சதவீதம் என்று குறைத்தார்கள். ஆக, நூறு பேரில் ஒருவர் இருவரைத் தவிர மற்ற எவருக்கும் காது ஒரு சாக்கு ஆகாது.

காது சரி, குரல்? மான்ட்ரியாலில் சிமோன் டல்லா பெல்லா குழுவினர் செய்த சோதனை இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வாளர் ஒரு பூங்காவுக்குப் போய், எதிர்ப்பட்டவர்களிடம், 'இன்று என் பிறந்தநாள், நூறு பேரைத் தனித்தனியே எனக்காகப் பாட வைப்பதாக நண்பர்களிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்' என்று புளுகினார். கியூபெக்கில் பிறந்தநாளுக்கு எல்லோரும் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதைப் பாட வைத்துப் பதிவு செய்துகொண்டார். தேர்வு என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் ஓடியிருப்பார்கள்; பந்தயம் என்றதும் பாடினார்கள். 2007இல் வெளிவந்த முடிவு இதுதான்: பயிற்சி இல்லாதவர்கள் தொழில்முறைப் பாடகர்களைவிட வேகமாகப் பாடினார்கள், சுரங்களையும் அதிகம் தவறவிட்டார்கள். சிலரை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து அதே பாட்டைக் காலத்தைக் குறைத்து நிதானமாகப் பாடச் சொன்னபோது, ஓரிருவரைத் தவிர மற்றவர்களின் சுருதி தொழில்முறைப் பாடகர்களுக்கு அருகில் வந்துவிட்டது. குரலில் குறை இல்லை. அவசரப்பட்டுப் பாடியதே குறை. பயந்தவர் எதையும் சீக்கிரம் முடித்துவிடவே பார்ப்பார் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

பிழை எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை ஷான் ஹட்சின்ஸும் பெரட்ஸும் 2012இல் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ஒரு சுரத்தைக் கேட்கவைத்து, அதே சுரத்தை இரண்டு வழிகளில் திருப்பித் தரச் சொன்னார்கள். ஒன்று குரலால், மற்றொன்று, விரலை நகர்த்தினால் ஒலி ஏறி இறங்கும் ஒரு கருவியால். பயிற்சி இல்லாதவர்கள் கருவியில் சுரத்தை மிகத் துல்லியமாகப் பிடித்தார்கள். அதே ஆட்கள் குரலால் செய்யும்போது தடுமாறினார்கள். கேட்கத் தெரிகிறது, எது சரி என்றும் தெரிகிறது, தொண்டைக்கு ஆணை போகும் வழியில்தான் சிக்கல். குரல்வளைத் தசைகளை நாம் கண்ணால் பார்த்ததில்லை. எந்தத் தசையை எவ்வளவு இழுத்தால் எந்தச் சுரம் என்பது பழகிப் பழகித்தான் மூளைக்குப் பிடிபடும். இங்கேதான் பயம் உள்ளே நுழைகிறது. பயந்தவரின் மூச்சு மேலோட்டமாகிறது, கழுத்துத் தசைகள் இறுகுகின்றன, குரல் சன்னமாகிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்றழுத்தம் குறைந்தால் சுரம் கீழே நழுவப் பார்க்கும். நழுவிய சுரத்தை, முன்பே சொன்னபடி, அவருடைய நல்ல காது உடனே கண்டுபிடித்துவிடுகிறது. 'பார்த்தாயா, எனக்கு வராது' என்று அது தீர்ப்புச் சொல்ல, அடுத்த வரிக்கு மூச்சு இன்னும் சுருங்குகிறது. பாட வராததால் பயமா, பயத்தால் பாட வரவில்லையா என்று பிரிக்க முடியாத நிலை இது. நல்ல காது உள்ளவர்களுக்கே இந்தத் துன்பம் அதிகம். அபசுரம் காதில் விழாதவர் கவலையில்லாமல் பாடிக்கொண்டிருப்பார்.

இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவரிடம் 'தைரியமாகப் பாடு' என்று சொல்வதால் அதிகம் பயன் இல்லை. ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, தன் உடலின் படபடப்பைத் தான் புரிந்துகொள்ளும் விதம். இவற்றில் மிக வலுவானது முதலாவது. ஊக்க வார்த்தைக்கு வலு குறைவு. சிறிய வெற்றிகளை அடுத்தடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாமல், வெறும் பாராட்டால் வளர்ந்த நம்பிக்கை முதல் சறுக்கலிலேயே கரைந்துபோகும். பெரியவர்களுக்கான பாட்டு வகுப்புகள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர் எதிர். முதல் நாளே, 'எங்கே, ஒரு பாட்டுப் பாடுங்கள் பார்ப்போம்' என்று தனியாகப் பாடச் சொல்கிறார்கள். ஆசிரியருக்குக் குரலின் நிலை தெரியவேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அவர் கேட்பது குரலின் நிலையை அல்ல, பயத்தின் நிலையை.

பஜனைக் கோஷ்டியின் அமைப்பைப் பாருங்கள். முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாடுகிறார். மற்றவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள்; அதுதான் பின்பாட்டு. வரி சிறியது, அதனால் நினைவில் வைப்பது எளிது. பாடுமுன் ஒரு முறை முழுசாகக் கேட்டாகிவிட்டது. ஜால்ராவும் டோலக்கும் காலத்தைப் பிடித்து வைத்திருப்பதால் யாரும் தனியே ஓட முடியாது. முதல் சுற்றுகள் நிதானமாகப் போகும். எல்லோருக்கும் மெட்டுப் பிடிபட்ட பிறகுதான் காலம் ஏறி, கடைசியில் துரிதமாகும். ஒருவர் சுரத்தைத் தவறவிட்டால் பக்கத்துக் குரல் மூடிவிடும், அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம். எதிரே உட்கார்ந்து கேட்கும் சபை என்று தனியாக ஒன்று இல்லை, கேட்கிறவர்களும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். 1408 முதல் 1503 வரை வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்களும் இந்த வசதிக்கு இடம் தருகின்றன. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி திரும்பி வரும். சரணம் தெரியாதவரும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். பாட்டு முடிவதற்குள் அதை நாலைந்து தடவை பாடியிருப்பார். திருமலையின் செப்பேடுகளில் சுமார் 12,000 கீர்த்தனைகளாகக் கிடைத்திருக்கும் இந்தச் செல்வத்தைப் பரப்பத் தேவஸ்தானம் 1978இல் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது. அவற்றிலிருந்து சப்தகிரி சங்கீர்த்தனங்கள் என்று ஏழு பாடல்களைத் தொகுத்தது. 2009 மே மாதம் செகந்திராபாத் மைதானத்தில் அந்த ஏழு பாடல்களை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பாடினார்கள். அத்தனை பேரும் வித்வான்களாக இருந்திருக்க முடியாது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் இருக்கிறது. கூட்டத்தோடு பாடுவது குரலைத் திருத்தும் என்பதற்கு ஆய்வுச் சான்று அவ்வளவு சாதகமாக இல்லை. பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் ஸ்டீவன் பிரவுனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சுருதி தவறிப் பாடுகிறவர்கள் பாடும்போதே சரியான சுரத்தையும் உடன் ஒலிக்கவிட்டார்கள். அந்தத் துணை அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. சத்தத்தின் நடுவே நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911இலேயே கண்டு சொன்னார். கோஷ்டியில் தன் குரல் தனக்கே கேட்காத ஒருவர் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதும் நடக்கிற விஷயம்தான். இந்த ஆட்சேபம் உண்மையென்றாலும், அது சேர்ந்திசைக்குப் பொருந்துகிற அளவுக்குப் பின்பாட்டுக்குப் பொருந்தாது. பின்பாட்டில் கேட்பதும் பாடுவதும் ஒரே நொடியில் மோதிக்கொள்வதில்லை. முன்பாட்டு ஒலிக்கும்போது காது மட்டும் வேலை செய்கிறது; வரி முடிந்த பிறகே தொண்டை வேலையைத் தொடங்குகிறது. யாரைக் கேட்டுப் பாடுகிறோம் என்பதும் முக்கியம். தன் குரலைப் போன்ற குரலைத்தான் மனிதர்கள் மிகத் துல்லியமாகப் பின்பற்றுகிறார்கள். சுருதி தவறுகிறவர்கள்கூடத் தங்கள் சொந்தக் குரலின் பதிவைக் கேட்டுப் பாடும்போது மேம்பட்டார்கள் என்று ஃபோர்ட்ரெஷரின் பிந்தைய ஆய்வு காட்டியது. பெண்கள் கோஷ்டியில் அதே வயதுப் பெண் ஒருவர் முன்பாட்டுப் பாடும்போது, பின்னால் இருப்பவர்களுக்குத் தங்கள் தொண்டைக்கு எட்டும் மாதிரி கிடைக்கிறது. பண்டூரா சொன்ன இரண்டாம் ஊற்றும் கூடவே திறக்கிறது: 'அவளுக்கு வருகிறதென்றால் எனக்கும் வரும்.'

வயதைப் பற்றிய ஆட்சேபம் அடுத்தது. ஐந்து வயதில் தொடங்காத சங்கீதம் ஐம்பதில் வருமா? இதற்குப் பதிலாக எம்.எஸ். சுப்புலட்சுமியைக் காட்டுவார்கள். தேவஸ்தானத்துக்காக அவர் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலைக்கு அறுபது வயதுக்கு மேல் புதிதாகக் கீர்த்தனைகள் பாடம் செய்தார் என்பது உண்மை. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பாடியவர் புதுப் பாட்டுக் கற்பதும், பாடியே இராதவர் முதல் பாட்டுக் கற்பதும் ஒன்றல்ல. அந்த உதாரணம் நமக்கு உதவாது. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கதை கொஞ்சம் நெருங்கி வருகிறது. 1889இல் பிறந்த அவர் இளமையில் மல்யுத்தத்திலும் பட்டம் விடுவதிலும் பொழுதைக் கழித்துவிட்டு, மற்ற வித்வான்களோடு ஒப்பிட்டால் தாமதமாகவே சங்கீதத்துக்குத் திரும்பினார் என்று சொல்வார்கள். அவர் பிறந்தது புகழ்பெற்ற தனகோடி அம்மாள் குடும்பத்தில். வாய் திறக்காத வருடங்களிலும் காது சும்மா இருந்திருக்காது. அந்த அளவுக்கு உயர்ந்த சங்கீதம் எல்லார் வீட்டிலும் ஒலிப்பதில்லைதான். ஆனாலும் வயது வந்து பாட வருகிறவருக்குப் பழைய காதும் புதிய குரலும் இருக்கின்றன என்பது இங்கேயும் பொருந்தும். சித்தூர்ப் பக்கத்துத் தெருவில் நாற்பது வருடம் வாழ்ந்தவர், 1963இல் எம்.எஸ். பதிவு செய்த சுப்ரபாதத்தையும் இரண்டு மொழிச் சினிமாப் பாட்டுகளையும் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்! குழந்தையிடம் இல்லாத மூலதனம் அது. ஸ்டீவன் டெமோரஸ்ட், ஃபோர்ட்ரெஷர் இருவரும் 2015இல் மூன்று வயதுப் பிரிவினரை ஒப்பிட்டபோது, ஆறாம் வகுப்பு வரை வளர்ந்திருந்த சுருதித் துல்லியம் கல்லூரி மாணவர்களிடம் மழலைப் பள்ளிக் குழந்தைகளின் நிலைக்கு அருகே இறங்கியிருந்தது. பாடுவதை விட்டால் குரல் துருப்பிடிக்கிறது என்றே இதற்குப் பொருள் கொள்ளலாம். பழக்கமின்மையால் போனது பழக்கத்தால் திரும்பும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

நயினாப் பிள்ளையின் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898இல் பிறந்து, 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, திருப்பதி தேவஸ்தான இசைக் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தவர். குருகுலத்தில் வளர்ந்த அந்தத் தலைமுறைக்குக் கச்சேரி மேடையே வகுப்பாகவும் இருந்தது. குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் தொடங்கியதும் அடங்கிப் பல வருடம் பின்பாட்டுப் பாடிய பிறகே சீடர்கள் தனிக் கச்சேரிக்கு வந்தார்கள். பஜனை மடத்தையும் சபாவையும் இரு துருவங்களாகப் பேசுகிற நாம் இந்த ஒற்றுமையைக் கவனிப்பதில்லை. துணிவை வளர்ப்பதற்கு இரண்டும் ஒரே வழியைத்தான் கையாண்டன. இன்று வாரம் ஒரு மணி நேர வகுப்பில் சேர்கிற பெரியவருக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இன்னொரு கேள்வி பக்தர்களிடமிருந்தே வரும். கோஷ்டியில் பாடுகிறவர் பெருமாளுக்காகப் பாடுகிறார். அங்கே தன்னம்பிக்கைக்கு என்ன வேலை? பக்தி பயத்தைக் குறைக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். கேட்பவர் மதிப்பெண் போடமாட்டார் என்ற உறுதி பாடுகிறவருக்குப் பெரிய விடுதலை. ஆனால் பக்தி மட்டுமே காரணம் என்றால் பக்தி இல்லாத கூட்டங்களில் இது நடக்கக் கூடாது. இங்கிலாந்தில் வயது வந்தோர் கல்வி வகுப்புகளில் ஏழு மாதம் நடந்த ஓர் ஆய்வை எய்லுனெட் பியர்ஸ், ஜாக் லோனே, ராபின் டன்பார் மூவரும் 2015இல் வெளியிட்டார்கள். பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றிலும் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் நெருக்கமானார்கள். ஏழு மாத முடிவில் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிலைதான். ஆனால் பாட்டு வகுப்பில் அந்த நெருக்கம் முதல் மாதத்திலேயே வேகமாக உண்டாகிவிட்டது. அவர்கள் அளந்தது நெருக்கத்தை, துணிவை அல்ல. ஆனால் பக்கத்தில் இருப்பவர் அந்நியர் அல்ல என்று ஆனபின் அவர் முன்னால் பிசகுவதற்கு என்ன பயம்?

கடைசி ஆட்சேபத்தைச் சங்கீதம் தெரிந்தவர்கள் எழுப்புவார்கள். அதை நான் முழுசாக மறுக்கப் போவதில்லை. துணிவு மட்டும் வளர்ந்து சுருதி வளராவிட்டால் என்ன ஆகும்? ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அபசுரத்தை ஊருக்கே வழங்கும் மனிதரை எல்லா மார்கழியும் கண்டிருக்கிறது. பின்பாட்டில் மறைவு கிடைக்கிறது. ஆனால் மறைவிலேயே இருந்துவிட்டால் தன் பிழை தனக்குத் தெரியாமல் போகும். ஒரு கட்டத்தில் தனியாகப் பாடித் தன் குரலைக் கேட்டே ஆகவேண்டும். அதற்கு 1959இல் திருப்பதியில் நிறுவப்பட்ட இசைக் கல்லூரி போன்ற இடங்களின் ஒழுங்குமுறை தேவை: தம்புராவோ சுருதிப் பெட்டியோ வைத்து ஷட்ஜத்தில் நின்று பழகுவது, சரளி வரிசையை முதல் காலத்தில் திடமாக்காமல் இரண்டாம் காலத்துக்குப் போகாமல் இருப்பது. காலத்தைக் குறைத்தால் சுருதி கூடும் என்று மான்ட்ரியால் ஆய்வு கண்டுபிடித்ததை இந்தப் பாடமுறை தன் போக்கில் கையாண்டு வந்திருக்கிறது. அப்போதும் இரண்டு இடறல்கள் வரும். ஒன்று, கட்டை, அதாவது பாட்டுக்கு வைக்கும் சுருதியின் உயரம். ஆண்கள் பலருக்கு ஒரு கட்டை ஒட்டியும் பெண்கள் பலருக்கு ஐந்து கட்டை ஒட்டியும் சுருதி அமைகிறது. கோஷ்டித் தலைவரின் கட்டையிலோ சினிமாப் பாடகரின் கட்டையிலோ பாடிப் பார்த்துத் தோற்றவர், தோற்றது தன் குரல் என்று நினைத்துக்கொள்கிறார். மற்றொன்று, கைப்பேசியில் பதிந்த தன் குரலை முதல் முறை கேட்கும் அதிர்ச்சி. பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் உட்செவிக்கு வருகிறது. எலும்பு வழி வருவதில் கனம் அதிகம். பதிவில் அந்தக் கனம் இல்லாததால் குரல் மெலிந்து, யாரோ ஒருவருடையதாகக் கேட்கும். உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும். பாட வராததற்கு அது அடையாளம் அல்ல. சில வாரம் கேட்டுப் பழகினால் அந்நியத் தன்மை போய், சுரம் எங்கே நழுவுகிறது என்பது மட்டும் காதில் விழத் தொடங்கும்.

எனவே வயது வந்து பாட்டுக் கற்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது துணிவை அல்ல, தன் வயதினர் நிதானமாகப் பாடும் ஒரு குழுவை. அது பஜனைக் கோஷ்டியாக இருக்கலாம், தேவாலயப் பாடகர் குழுவாக இருக்கலாம், மாடியில் கூடும் நாலு சிநேகிதர்களாகவும் இருக்கலாம். ஆசிரியரிடம் சேர்ந்தால் முதல் வகுப்பில் இரண்டு காரியங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் குரலுக்கு எந்தக் கட்டை என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், முதல் மூன்று மாதம் அவர் பாடும் வரியைத் திருப்பிப் பாடுவது மட்டும் போதும், தனியாகப் பாடச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதற்குச் சம்மதிக்காத ஆசிரியர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் உங்களுக்கு ஏற்றவர் அல்ல.